குப்பைத் தொட்டிக்கு அடியில் தொடங்கிய சரிவு: 'தி வாக்கிங் டெட்' தன் ரசிகர்களை எப்படி இழந்தது

2016 அக்டோபர் 23, ஞாயிறு இரவு. ஜாம்பிகள் நிறைந்த உலகத்தில் ரிக் கிரைம்ஸ் என்பவனும் அவன் கூட்டமும் பிழைத்திருக்கப் போராடும் கதை 'தி வாக்கிங் டெட்'. ஏஎம்சி என்ற கேபிள் சேனலில் அதன் ஏழாவது சீசனின் முதல் எபிசோடை அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் அது 1 கோடியே 24 லட்சம் ஆனது. ஐந்து வாரம் கழித்து வந்த ஆறாவது எபிசோடுக்கு 1 கோடியே 4 லட்சம். அது 'தேங்ஸ்கிவிங்' வார இறுதி, ஊரெல்லாம் பயணத்தில் இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதற்கடுத்த இரண்டு வாரமும் எண்ணிக்கை அங்கேயேதான் நின்றது. போனவர்கள் போனவர்கள்தான். 2022 நவம்பர் 20 அன்று 177ஆவது எபிசோடுடன் தொடர் முடிந்தபோது அதை நேரலையில் பார்த்தவர்கள் 22 லட்சத்துச் சொச்சம் பேர்.

(முக்கியமான மரணங்கள் எல்லாமே கீழே வருகின்றன. இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் யோசித்துக்கொண்டு படியுங்கள்.)

இந்தச் சரிவுக்குப் பலரும் சொல்லும் காரணம் வன்முறை. வில்லன் நீகன் முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டையால் ரிக்கின் கூட்டத்தில் முதலில் ஏப்ரஹாமையும் பிறகு கிளென்னையும் அடித்துக் கொல்லும் காட்சி தாங்க முடியாததுதான். பெற்றோர் தொலைக்காட்சி மன்றம் போன்ற அமைப்புகள் அப்போதே கண்டித்தன. ஆனால் ரத்தம்தான் காரணம் என்றால் ஐந்தாவது சீசனின் முதல் எபிசோடை என்ன சொல்வது? டெர்மினஸ் என்ற முகாமில் ஆட்களை வரிசையாக மண்டியிட வைத்து, தொட்டிக்கு மேல் கழுத்தை அறுத்து ரத்தம் வடிய விடும் காட்சி அதில் இருக்கிறது. 2014 அக்டோபர் 12 அன்று வந்த அந்த எபிசோடைத்தான் தொடரின் வரலாற்றிலேயே அதிகம் பேர், 1 கோடியே 73 லட்சம் பேர், பார்த்தார்கள். அடுத்த வாரம் ஒன்றரைக் கோடிப் பேர் திரும்பி வந்தார்கள்.

இன்னொரு காரணமாகச் சொல்லப்படுவது கேபிள். அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் கேபிள் இணைப்பை விட்டுவிட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போனவர்கள் ஏராளம், எல்லா சேனலுக்கும் அடி விழுந்தது. ஆறேழு ஆண்டுகளில் நடந்த தேய்மானத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஐந்தே வாரத்தில் 66 லட்சம் பேர் கேபிளைப் பிடுங்கிப் போடவில்லை.

நடந்தது என்னவென்று புரிய, இந்தத் தொடர் அதற்கு முன்பு மரணங்களை எப்படிக் கையாண்டது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெர்ஷலின் பண்ணை வீட்டைச் சுற்றியே கதை நகரும். முதல் எபிசோடில் காட்டுக்குள் ஓடித் தொலைந்த சோஃபியா என்ற சிறுமியை வாரக்கணக்கில் தேடுவார்கள். சவ்வாக இழுக்கிறார்கள் என்று அன்றைக்கே புகார் உண்டு. தொடரை உருவாக்கிய ஃபிராங்க் டாராபாண்ட்டை 2011 ஜூலையில் ஏஎம்சி வெளியேற்றியிருந்தது, பட்ஜெட்டும் சுருங்கியிருந்தது. இருந்தும் ஏழாவது எபிசோடில் அந்தக் கடன் பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தது. தானியக் கொட்டகையின் கதவை ரிக்கின் பழைய நண்பன் ஷேன் உடைத்துத் திறக்கிறான், உள்ளே அடைத்து வைத்திருந்த ஜாம்பிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து சுடப்பட்டு விழுகின்றன. கடைசியில் ஒரு சின்ன உருவம் தடுமாறி வருகிறது. அதுவரை சுட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் உறைந்து நிற்க, இந்தச் சுடுதலையே எதிர்த்த ரிக் மட்டும் முன்னால் நடந்து போய்த் துப்பாக்கியை உயர்த்துகிறான். ஆறு எபிசோட் தேடிய பிள்ளை இத்தனை நாளும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது. தேடலின் நீளமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அர்த்தமாகிவிடுகிறது.

மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடில் ரிக்கின் மனைவி லோரி, நான்காவது சீசனின் எட்டாவதில் ஹெர்ஷல் என்று அடுத்து வந்த பெரிய மரணங்களும் அப்படித்தான். இறந்தவர் யார் என்பது அதே எபிசோடில் தெரியும், எப்படி என்பது கண்முன் நடக்கும். அதன் பிறகு, மிஞ்சியவர்கள் அதை எப்படிச் சுமக்கிறார்கள் என்று காட்ட அடுத்த எபிசோட் இருக்கும். யாரும் சாகலாம், ஆனால் சாவை வைத்து உன்னை ஏய்க்க மாட்டோம் என்பதுதான் தொடருக்கும் ரசிகருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம். அது முதலில் முறிந்த நாள் 2015 அக்டோபர் 25.

ஆறாவது சீசனின் மூன்றாவது எபிசோட். ஜாம்பிக் கூட்டத்தில் சிக்கிய கிளென்னும் நிக்கோலஸும் ஒரு சந்தில் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியின் மேல் ஏறி நிற்கிறார்கள். சுற்றிலும் கைகள். நிக்கோலஸ் தன்னைச் சுட்டுக்கொள்கிறான், விழும்போது கிளென்னையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். அதன் பிறகு கேமரா எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கிளென்னின் முகமும் தோளும் மார்பின் மேல்பகுதியும்தான் சட்டகத்தில். அதற்குக் கீழிருந்து குடல் பிடுங்கப்படுகிறது, கிளென் அலறுகிறான். மேலே கிடப்பது நிக்கோலஸின் உடல், பிடுங்கப்படுவது அவனுடைய குடல் என்பதைச் சட்டகம் வேண்டுமென்றே வெட்டிவிடுகிறது. கதாபாத்திரங்கள் ஏமாறுவதற்காக வைத்த தந்திரம் கிடையாது, அந்தச் சந்தில் வேறு யாருமே இல்லை. பார்வையாளரை ஏமாற்ற மட்டுமே வைத்த கேமரா அது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த எபிசோட்களின் தொடக்க டைட்டிலில் இருந்து கிளென்னாக நடித்த ஸ்டீவன் யூனின் பெயரை எடுத்தார்கள். நான்காவது எபிசோட் முழுவதையும், அதுவும் வழக்கத்தைவிட நீளமாக, மோர்கன் என்ற இன்னொரு பாத்திரத்தின் பழைய கதைக்குக் கொடுத்தார்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் தொடரின் மிக நல்ல எபிசோட்களில் அது ஒன்று, இடம்தான் தப்பு. ரசிகர்கள் இதற்குள் குப்பைத் தொட்டிக் காட்சியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்த்து, குடல் எங்கிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். நான்கு வாரம் கழித்து ஏழாவது எபிசோடில் கிளென் தொட்டிக்கு அடியில் நகர்ந்து பிழைத்துக்கொண்டதாகக் காட்டியபோது, பிடித்த பாத்திரம் உயிரோடு இருக்கிறதே என்ற சந்தோஷத்தைவிட அவமதிக்கப்பட்ட உணர்வே பலருக்கு மிஞ்சியது. நூற்றுக்கணக்கான ஜாம்பிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் ஒரு கடிகூட இல்லாமல் எப்படி நகர்ந்தான் என்ற கேள்விக்கும் சரியான பதில் இல்லை.

இதன் உண்மையான சேதம் வேறு. கிளென்னின் மரணம் ஒரு முறைதான் வலிக்க முடியும். அந்த வலியின் பாதியை குப்பைத் தொட்டியிலேயே செலவழித்துவிட்டார்கள்.

2016 ஏப்ரல் 3 அன்று வந்த ஆறாவது சீசன் இறுதி எபிசோடில் அதையே இன்னும் பெரிதாகச் செய்தார்கள். ஒன்றரை மணி நேர ஒளிபரப்பு. விளம்பரங்களைக் கழித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட. உடம்புக்கு முடியாத கிளென்னின் மனைவி மேகியை ஹில்டாப் என்ற ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், போகும் வழியெல்லாம் நீகனின் ஆட்கள் மறிக்கிறார்கள், வண்டியைத் திருப்பி அடுத்த வழியில் போனால் அங்கேயும் மறியல். கடைசியில் இருட்டில் 11 பேர் மண்டியிட்டிருக்க, நீகன் வந்து பேசி, சாட் பூட் த்ரீ போல எண்ணி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த நொடியில் கேமரா அடி வாங்குபவரின் கண்ணாக மாறுகிறது. ரத்தம் வழிகிறது, திரை இருள்கிறது. யார் என்று தெரிய ஆறரை மாதம் காத்திருக்க வேண்டும்.

ராபர்ட் கிர்க்மன் எழுதிய காமிக்ஸில் இதே காட்சி 2012இல் வந்த 100ஆவது இதழில் இருக்கிறது. அங்கே இறப்பது கிளென். அந்த இதழிலேயே அது தெரிந்துவிடும். காமிக்ஸ் வாசகருக்கு மாதாமாதம் இதழ் வரும், இருந்தும் கிர்க்மன் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடவில்லை. ஏழாவது சீசன் தொடங்கியபோது அப்போதாவது உடனே சொன்னார்களா என்றால், முதல் இருபது நிமிடம் வரை இறந்தவர் முகத்தைக் காட்டவில்லை. இழப்பாக இருக்க வேண்டியதை விடுகதையாக்கினால் ரசிகரும் அதை விடுகதையாகத்தான் அணுகுவார்: விடை தெரிந்துகொள்ள வருவார், தெரிந்ததும் எழுந்து போவார். 1 கோடியே 70 லட்சம் பேர் வந்ததும், அடுத்த வாரமே அதில் 46 லட்சம் பேர் வராததும் இதனால்தான் என்பது என் உறுதியான கருத்து.

எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் அடுத்த பிரச்சினை, எனக்குக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது. முதல் எபிசோடின் இடிக்குப் பிறகு நமக்கு இருக்கும் ஒரே தவிப்பு மேகி என்ன ஆனாள், ரிக் எப்படி வீடு திரும்பினான் என்பது. இரண்டாவது எபிசோட், கூட்டத்தைப் பிரிந்த கேரலும் மோர்கனும் போய்ச் சேர்ந்த கிங்டம் என்ற ஊருக்குப் போகிறது. அங்கே புலி வளர்க்கும் எசக்கியேல் ராஜா. மூன்றாவது, ரிக்கின் கூட்டத்து டாரில் நீகனிடம் அடைபட்டிருக்கும் சிறை. நான்காவதில்தான் ரிக்கின் ஊரான அலெக்சாண்ட்ரியா. மேகியின் துக்கம் ஐந்தாவதில். ஆறாவது எபிசோட், கூட்டத்தில் இன்னொருத்தியான டாரா கடலோரத்தில் சந்திக்கும் ஒரு புதிய ஊர், கிளென் இறந்த செய்தியே தெரியாத டாரா. ஏழாவது பெரும்பகுதி, நீகனின் கோட்டையில் ரிக்கின் மகன் கார்ல். எல்லோரும் ஒன்றுசேர எட்டாவது எபிசோட் முடிய வேண்டியிருந்தது.

கூட்டத்தைச் சிதறடித்துக் கதை சொல்வது தப்பு என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. நான்காவது சீசனின் பின்பாதியில் சிறை வீழ்ந்த பிறகு எல்லோரும் ஐந்தாறு திசையில் சிதறினார்கள். அதே ஷோரன்னர், அதாவது தொடரின் தலைமைப் பொறுப்பாளர், ஸ்காட் கிம்பிள்தான். அந்த எட்டு எபிசோட்களும் அருமையாக இருந்தன. காரணம், எல்லோர் கண்ணிலும் ரயில் பாதையோரத்தில் ஒரே அறிவிப்புப் பலகை பட்டுக்கொண்டே இருந்தது: டெர்மினஸ். எந்த எபிசோடில் யாரைப் பார்த்தாலும் கதை ஒரே இடத்தை நோக்கி நகர்ந்தது. ஏழாவது சீசனில் அப்படி ஒரு புள்ளி இல்லை. ஒவ்வொரு எபிசோடும் ஒரு புதிய ஊரை அறிமுகம் செய்து வைத்துவிட்டு நின்றது. அதே சேதிதான் எல்லா ஊரிலும்: நீகன் கொடியவன், இப்போதைக்குப் பணிந்து போவோம். ஒரே சேதியை ஐந்து ஊரில் ஐந்து வாரம் கேட்டவர்கள் சலித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஏன் அப்படி அமைத்தார்கள் என்பதற்குத் தயாரிப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. மூன்றாவது சீசனிலிருந்து ஆண்டுக்கு 16 எபிசோட், எட்டாக இரண்டு பாதி: அக்டோபர் முதல் டிசம்பர், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இந்த அட்டவணைக்கு நான்கு உச்சங்கள் தேவை, ஒவ்வொரு பாதிக்கும் தொடக்கம், முடிவு. இடையிலுள்ள 12 எபிசோட்களை நிரப்ப வேண்டும். ஏழாவது சீசனில் நடிகர் பட்டாளம் வேறு பெருத்துவிட்டது. ஒரு எபிசோடுக்கு நான்கைந்து பேரை மட்டும் வைத்து, ஒரே இடத்தில் படம்பிடித்தால் செலவும் தேதிச் சிக்கலும் குறையும். விளம்பர வருமானத்தில் ஓடும் கேபிள் சேனலுக்கு எபிசோட் எண்ணிக்கையைக் குறைக்கவும் மனம் வராது. முதல் சீசன் ஆறே எபிசோட்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஏழாவது சீசனில் இருந்த கதைக்குப் பத்து எபிசோட் தாராளம்.

எட்டாவது சீசன் போர். போர்க்காட்சியில் ரசிகருக்கு முதலில் தெரிய வேண்டியது யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு தூரத்தில், கையில் எத்தனை தோட்டா என்பது. முதல் எபிசோடிலேயே, தகரம் அடித்த வண்டிகளோடு ரிக்கின் படை நீகனின் கோட்டை வாசலில் நிற்கிறது. நீகன் வெளியே வந்து, சத்தம் போட்டுப் பேசினால் கேட்கும் தூரத்தில் நிற்கிறான். பல டஜன் துப்பாக்கி அவனை நோக்கி இருக்கிறது. ரிக் பத்திலிருந்து எண்ணத் தொடங்கி, ஏழில் சுடுகிறான். அத்தனை குண்டில் ஒன்றுகூட நீகன் மேல் படவில்லை, ஜன்னல் கண்ணாடிகள்தான் உடைகின்றன. சண்டையை அங்கேயே முடித்திருக்கலாமே என்று யோசிக்கத் தொடங்கிய ரசிகர், அடுத்த ஏழு எபிசோடில் தெறித்த எந்தக் குண்டையும் நம்பவில்லை.

அந்த நிலையில் வந்ததுதான் கார்லின் மரணம். 2017 டிசம்பர் 10 அன்று இடுப்பில் உள்ள கடியைக் காட்டுகிறான், 2018 பிப்ரவரி 25 அன்று இறக்கிறான். காமிக்ஸில் கார்ல் கடைசி வரை உயிரோடு இருப்பவன். 2019இல் வந்த 193ஆவது இறுதி இதழே வளர்ந்து ஆளான கார்லின் கதைதான். உலகம் அழிந்த பிறகு ஒரு தகப்பன் தன் பிள்ளையை எப்படிப்பட்ட மனிதனாக வளர்ப்பான் என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. அதை எடுத்ததற்குத் தொடர் சொன்ன காரணம், நீகனை மன்னிக்க ரிக்குக்கு ஒரு உந்துதல் வேண்டும் என்பது. காமிக்ஸில் கார்ல் சாகாமலேயே ரிக் நீகனைக் கொல்லாமல் விடுகிறான். எட்டாவது சீசன் முழுக்கக் காட்டிய, நரைத்த தாடியுடன் ரிக் நிம்மதியாக வாழும் காட்சிகள்கூட சாகக் கிடந்த கார்லின் கற்பனை என்று ஆனது. கிம்பிளை நீக்கச் சொல்லிப் பல்லாயிரம் பேர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அதற்கான விலை அடுத்த சீசனில் தெரிந்தது. விஸ்பரர்ஸ் என்ற எதிரிக் கூட்டத்தின் தலைவி ஆல்ஃபாவின் மகள் லிடியாவோடு காமிக்ஸில் கார்லுக்கு இருந்த உறவை, வேறு வழியில்லாமல் ஹென்றி என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். எட்டு சீசன் நம் கண்முன் வளர்ந்தவன் செய்ய வேண்டியதை நேற்று வந்தவன் செய்தான்.

ரிக்கின் வெளியேற்றமும் அப்படியே வீணானது. ஒன்பதாவது சீசனை 'ரிக் கிரைம்ஸின் கடைசி எபிசோட்கள்' என்று விளம்பரம் செய்தார்கள். 2018 நவம்பர் 4 அன்று பாலத்தை வெடித்துத் தகர்க்கிறான், எல்லோரும் அழுகிறார்கள், அதே எபிசோடில் அவனை உயிரோடு ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆண்ட்ரூ லிங்கன் ரிக்காகப் படங்களில் தொடர்வார் என்று அன்றிரவே அறிவிப்பு. அந்தப் படங்கள் வரவே இல்லை. 2024இல் 'தி ஒன்ஸ் ஹூ லிவ்' என்ற ஆறு எபிசோட் தொடராக அந்தக் கதை வந்தது. மேகிக்கு அந்த அளவுகூட இல்லை. ஐந்தாவது எபிசோடுக்கும் ஆறாவதுக்கும் நடுவே கதை ஆறு ஆண்டு தாவுகிறது, தாவியபோது மேகி ஊரில் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் சொல்ல வேண்டிய ஒன்று: ஒன்பதாவது சீசனிலிருந்து ஷோரன்னரான ஆஞ்சலா காங் தொடரை நிஜமாகவே மீட்டார். 15ஆவது எபிசோடில் விஸ்பரர்ஸ் எல்லை போட்டு நட்ட கழிகளில் பத்துத் தலைகள். டாரா, ஈனிட், ஹென்றி என்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. டாரில் கேரலைத் திருப்பி, என்னை மட்டும் பார் என்று தடுக்கிறான். யார் யார் என்பது அந்த எபிசோடிலேயே தெரிகிறது. கடத்தப்பட்டவர்கள் கடைசி நேரத்தில் ஒருவருக்காக ஒருவர் எப்படிப் போராடினார்கள் என்பதை உயிரோடு விடப்பட்ட சித்திக் ஊர் மக்களிடம் சொல்கிறான். காமிக்ஸில் அந்தக் கழிகளில் இருப்பவர்களில் ரொசிட்டாவும் எசக்கியேலும் உண்டு. இங்கே ஆட்களை மாற்றி, காமிக்ஸ் படித்தவர்களையும் அதிர வைத்தார்கள். இரண்டாவது சீசனின் கொட்டகைக் காட்சிக்குச் சமமாக வைக்கலாம்.

ஆனால் பார்த்தவர்கள் 50 லட்சத்துக்கும் குறைவுதான். தனித்தனிக் கதைகளாக வரும் தொடர் என்றால் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு நடுவில் நுழையலாம். தொடர்கதையில் அது நடக்காது. ஏழாவது சீசனில் விட்டவர் ஒன்பதாவதுக்கு வர வேண்டும் என்றால், அவரை விரட்டிய அதே முப்பது எபிசோட்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

கடைசி சீசன் 24 எபிசோட். அது ஓடி முடிவதற்குள்ளேயே டாரிலுக்கு ஒரு தொடர், மேகிக்கும் நீகனுக்கும் ஒரு தொடர் என்று அறிவித்துவிட்டார்கள். யாரும் சாகலாம் என்ற பயத்தில் ஓடிய கதையில், யார் யார் சாக மாட்டார்கள் என்ற பட்டியலைச் சேனலே முன்கூட்டித் தந்துவிட்டது.

இப்போது பார்க்க நினைப்பவர்களுக்கு: முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய 130 மணி நேரம். முதல் ஐந்து சீசனின் 67 எபிசோட்களையும் விடாமல் பாருங்கள். ஆறாவதில் மோர்கன் கதையான நான்காவது எபிசோடை மூன்றாவதுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள், எதுவும் குழம்பாது, கிளென் கதையும் தேவையில்லாமல் அறுபடாது. ஆறாவதின் கடைசி எபிசோடையும் ஏழாவதின் முதல் எபிசோடையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பாருங்கள். 2016இல் யாருக்கும் கிடைக்காத வசதி அது, அந்தக் காட்சி எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருக்கும். ஏழாவதில் அதன் பிறகு 2, 4, 7, 8, 9, 16 போதும். எட்டாவதில் 1, 8, 9, 16. ஒன்பதாவது முழுவதும். பத்தாவதில் கூடுதலாகச் சேர்த்த ஆறு எபிசோட்களில் நீகனின் கடந்த காலத்தைச் சொல்லும் 22ஆவதை மட்டும் தவறவிட வேண்டாம், மற்றவை உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ரிக்கும் அவன் துணை மிஷோனும் என்ன ஆனார்கள் என்று மனதில் நின்றால், இறுதி சீசனைத் தாண்டிக்கூட நேராக 'தி ஒன்ஸ் ஹூ லிவ்' போகலாம். ஒன்பதாவது சீசன் நினைவில் இருந்தாலே அதைப் பின்தொடர முடியும்.